உழாத வயலில் நீலப் பூ

கொல்லிமலையின் அடிவாரத்தில், நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது பேளுக்குறிச்சி. சனிக்கிழமை கூடும் அதன் சந்தை மளிகைச் சாமான்களுக்குப் பேர்போனது. மாசி, பங்குனி வந்துவிட்டால் சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, ஒரு வருஷத்துக்கான மிளகாய், மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். மிளகு போலச் சில சரக்குகள் மேலே தெரியும் மலையிலிருந்து இறங்கியவை. சீரகம் போலப் பல சரக்குகள் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் லாரியில் வந்தவை. சமீப வருஷங்களில் இந்த வரிசையில் பழுப்பு நிறத்தில், பளபளவென்று, எள்ளைவிடச் சற்றே பெரிய ஒரு விதையும் சேர்ந்திருக்கிறது. ஆளி விதை. எங்கே விளைகிறது என்று கேட்டதற்கு வியாபாரி சொன்னார்: “நம்ம பக்கம் இது வெளையறதில்லீங்க. வடக்கயிருந்து வருது. எப்படி வெளையுதுன்னு நாங்க பாத்ததில்லீங்க.”

நானும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்தபோது, ஆளியைவிட அது நின்ற வயல்தான் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டது. இந்தியாவில் ஆளி விளைந்த நிலங்களில் ஒரு கணிசமான பகுதி, அந்தப் பயிருக்காக ஒருமுறைகூட உழப்படாத நிலம்.

தமிழில் இதைச் சொல்லும்போதே ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. நமக்கு விவசாயத்தின் பெயரே உழவு. விவசாயியின் பெயர் உழவர். பொங்கலுக்கு உழவர் திருநாள், காய்கறி விற்க உழவர் சந்தை. உழாத உழவர் என்று சொன்னால் சமைக்காத சமையல்காரர் மாதிரி இருக்கிறது. புறநானூற்றின் 109-ஆம் பாட்டில் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பற்றிப் பேசும்போது, உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களைப் பட்டியலிடுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். நான்குமே மலை தானாகத் தருபவை. உழாமல் கிடைத்தால் அது இயற்கையின் கொடை, உழுது கிடைத்தால் மனிதரின் உழைப்பு என்ற கோடு அங்கேயே விழுந்துவிட்டது. உழாமல், ஆனால் திட்டமிட்டு, விதைத்து, காத்து, அறுக்கும் ஒரு விவசாயத்துக்கு அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்திலும் இடமில்லை.

வள்ளுவர் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். உழவு அதிகாரத்தின் 1038-ஆம் குறள், ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவது நல்லது என்கிறது. களை எடுத்த பிறகு, நீர் பாய்ச்சுவதைவிடக் காவல் காப்பது நல்லது என்கிறது. உழவைப் போற்றும் அதிகாரத்துக்குள்ளேயே உழவுக்கு மேல் வேறொன்றை வைக்கிறார். அந்தக் ‘காவல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை அதில்தான் போய் நிற்கும்.

*

சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் அந்த முறைக்கு ‘உத்தேரா’ என்று பெயர். பிஹார் பக்கம் ‘பைரா’. மழையை நம்பி நெல் போடும் நிலங்கள். மழைக்காலம் முடிந்து, நெல் முற்றிக்கொண்டிருக்கும் அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் வயலில் தண்ணீர் வடிந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே, நிற்கும் நெல்லுக்குள் இறங்கி ஆளி விதையைக் கைவிதைப்பாக வீசுவார்கள். கேசரிப் பருப்பு, மசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றையும் இப்படி விதைப்பதுண்டு. நெல் நிழலில் ஆளி முளைக்கும். நெல்லை அறுத்ததும் வெயில் கிடைத்து எழும்பும். தாள்களுக்கு நடுவே, மிச்ச ஈரத்தையே குடித்து வளர்ந்து, நீலமாகப் பூத்து, பிப்ரவரி, மார்ச்சில் காய் முற்றும். ஆளிப் பூ காலையில் விரிந்து, அன்றைய வெயில் ஏறுவதற்குள் இதழ் உதிர்த்துவிடும். தாமதமாக எழுந்து போகிறவர்கள் பச்சையைத்தான் பார்க்க முடியும்.

சரி, ஏன் உழவில்லை? பக்தியோ கொள்கையோ எதுவும் இல்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான். நெல்லுக்காகச் சேறடித்த களிமண் காயும்போது செங்கல் மாதிரி இறுகிவிடும். அறுத்து, கட்டு தூக்கி, மாட்டைப் பூட்டி உழுது, கட்டி உடைத்து முடிப்பதற்குள் மேல்மண்ணின் ஈரம் போய்விடும். பாசனம் கிடையாது, அடுத்த மழைக்கு ஏழெட்டு மாதம் இருக்கிறது. அந்த நிலத்தில் உழவு என்பது ஈரத்தைக் காற்றில் விடும் வேலை. ஒன்று நிலத்தைத் தரிசாகப் போட வேண்டும், அல்லது நெல் நிற்கும்போதே விதைக்க வேண்டும்.

இதற்கு ஆளி தோதான பயிர். அதன் விதைத்தோலில் ஒரு பசை இருக்கிறது. இரவில் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் குடிப்பவர்களுக்கு அந்தக் கொழகொழப்பு தெரியும். ஈர மண்ணில் விழுந்த விதையை அதே பசைதான் மண்ணோடு ஒட்டிப் பிடிக்கிறது. புதைக்காமல் மேலே வீசிய விதைக்கு இது சின்ன உதவி அல்ல. இருந்தும் எல்லா விதையும் முளைக்காது. அதனால் வரிசையில் விதைக்கும்போது ஹெக்டேருக்கு 25–30 கிலோ போதும் என்றால், உத்தேராவில் 35–40 கிலோ வீசுவார்கள். உழவில் மிச்சம் பிடிப்பதை விதையில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் கணக்கு.

*

இந்த விதை உலகச் சந்தைக்குப் போனது ஒரு தனிக் கதை. 1753-இல் லின்னேயஸ் ஆளிக்கு வைத்த பெயரின் பொருள் ‘மிக மிகப் பயனுள்ளது’. ஐரோப்பாவுக்கு அந்தப் பயன் முதலில் நார், அதாவது லினன் துணி. இந்தியாவிலோ பயன் விதை. இரண்டும் ஒரே செடிதான், வளர்ப்புதான் வேறு. நெருக்கி விதைத்தால் கிளை விடாமல் உயர்ந்து நல்ல நார் தரும். கலக்க விதைத்தால் குட்டையாகக் கிளைத்து நிறைய காய் பிடிக்கும்.

பிரிட்டிஷாருக்கு இந்தியாவிலிருந்து நாரும் வேண்டியிருந்தது. 1853-இல் கிரிமியப் போர் தொடங்கி ரஷ்ய ஆளி நாரின் வரத்து சிக்கலானபோது, மாற்று எங்கே என்ற தேடல் சூடு பிடித்தது. ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1855-இல் இந்திய நார்த் தாவரங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். ஐம்பது வருஷம் கழித்து, ஜெர்மானியச் செயற்கை நீலம் வந்து அவுரி வியாபாரம் படுத்தபோது, பிஹாரின் தோட்டக்காரர்கள் மறுபடியும் ஆளி நாரை முயன்று பார்த்தார்கள். நார்த்தொழில் இந்தியாவில் வேர்விடவே இல்லை. ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்காத விதை மட்டும் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கப்பல் கப்பலாகப் போனது. அதன் எண்ணெய் காற்றுப் பட்டால் உலர்ந்து படலமாகும். அதனால் பெயின்ட்டுக்கும் அச்சு மைக்கும் அது இல்லாமல் முடியாது. 1863-இல் ஃப்ரெடெரிக் வால்ட்டன் அந்தப் படலத்தையே தரைவிரிப்பாக்கிக் காப்புரிமை வாங்கினார். லினோலியம் என்ற பெயரிலேயே ஆளியும் எண்ணெயும் இருக்கின்றன. லண்டன் வீடுகளின் தரையில் விரிந்ததில் ஒரு பங்கு, மத்திய இந்தியாவின் வயல்களில் விளைந்திருக்க வேண்டும்.

இதே காலத்தில் இங்கே மதராஸில் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. 1865 வாக்கில் ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. நீராவிக் கலப்பை உட்படப் பல இயந்திரங்கள் கப்பலில் வந்து இறங்கின. நாட்டுக் கலப்பை மண்ணைச் சும்மா கீறுகிறது, ஆழமாகப் புரட்டினால்தான் விவசாயம் முன்னேறும் என்பது நம்பிக்கை. 1889-இல் பிரிட்டிஷ் அரசு ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேதியியல் அறிஞரை இந்திய விவசாயத்தைத் திருத்த வழி சொல்லும்படி அனுப்பியது. அவர் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு 1893-இல் கொடுத்த அறிக்கை, அனுப்பியவர்கள் எதிர்பார்த்தபடி இல்லை. இந்திய விவசாயி பல இடங்களில் ஆங்கிலேய விவசாயிக்குக் குறைந்தவர் அல்ல, சில இடங்களில் மேலானவர் என்றார். ஆழ உழுதால் ஈரம் போகும் என்ற விவசாயிகளின் பயத்தையும் முட்டாள்தனம் என்று அவர் ஒதுக்கவில்லை.

அந்த ஈரக்கணக்கு செடியின் உடம்பிலேயே எழுதியிருந்தது என்பது 1924-இல் தெரிந்தது. பூசா ஆய்வு நிலையத்தில் கேப்ரியல் ஹோவர்டும் அப்துர் ரஹ்மான் கானும் இந்திய ஆளி வகைகளைச் சேகரித்து, வளர்த்து, பிரித்துப் பார்த்தார்கள். தீபகற்பத்தின் கரிசல் மண்ணில் விளைந்த ஆளிக்குப் பெரிய விதை, ஆழமாக இறங்கும் வேர். கங்கைச் சமவெளி ஆளிக்குச் சின்ன விதை, மேலோட்டமாகப் படரும் வேர். இடம் மாற்றி நட்டால் இரண்டும் திணறும். எந்த மண்ணில் ஈரம் எங்கே நிற்கிறதோ அங்கே வேர் போகும்படி, பெயர் தெரியாத விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

*

கடலுக்கு அந்தப் பக்கம் ஆளியின் கதை தலைகீழ். வட அமெரிக்காவின் புல்வெளிகளில் ஆளிதான் ஏரின் முன்னோடி. குடியேறிகள் காலங்காலமாகப் புரளாத புல்வேர்ப் படுகையை இரும்புக் கலப்பையால் கிழித்துப் புரட்டியதும் முதல் பயிராகப் பல இடங்களில் ஆளியைப் போட்டார்கள். முதலில் நன்றாக விளைந்தது. பிறகு திடீரென்று வாடிச் செத்தது. மண் களைத்துப்போய்விட்டது என்று சொல்லி, மேற்கே நகர்ந்து புதுப் புல்வெளியைக் கிழித்தார்கள். வடக்கு டகோட்டாவில் ஹென்றி எல். போல்லி என்ற தாவரவியல் அறிஞர் 1901-இல் வெளியிட்ட ஆய்வு, மண் களைக்கவில்லை, மண்ணில் ஒரு பூஞ்சை பெருகியிருக்கிறது என்று காட்டியது. செத்துக்கொண்டிருந்த நிலத்திலேயே திரும்பத் திரும்ப விதைத்து, பிழைத்த செடிகளிலிருந்து விதை எடுத்து, நோய் தாங்கும் வகைகளை உருவாக்கினார்.

புரட்டிய புல்வெளி 1930-களில் புழுதிப் புயலாக எழுந்தது. 1943-இல் எட்வர்ட் ஃபாக்னர், உழுவதற்கு அறிவியல் காரணமே கிடையாது என்ற வாதத்தோடு ‘உழுபவனின் மடமை’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் பெருநிலங்களில் ஏரை இறக்கிவைக்க முடிந்தது புத்தகத்தால் மட்டுமல்ல. 1940-களில் 2,4-டி, 60-களில் பாராகுவாட், 70-களில் கிளைபோசேட் என்று களைக்கொல்லிகள் வரிசையாக வந்த பிறகுதான். 1990-களில் கனடாவின் புல்வெளி மாகாணங்களில் உழாமல் நேரடியாக விதைக்கும் முறை பரவியது, ஆளியும் அதில் வந்தது. ஆளி களையோடு போட்டி போடத் தெரியாத பயிர். மெல்லிய தண்டு, சின்ன இலை, நிலத்துக்கு நிழல் கொடுக்காது. ஆகவே அங்கே ஏர் செய்த வேலையை ரசாயனம் செய்கிறது. அதே சமயம், ஆளியின் வேர் மண்ணிலுள்ள வேர்ப்பூஞ்சைகளோடு கூட்டு வைத்துத்தான் மணிச்சத்தை எடுக்கிறது. உழாத மண்ணில் அந்த வலை அறுபடாமல் இருப்பது ஆளிக்கு நல்லது என்று கனடிய ஆய்வுகள் காட்டின.

உத்தேராவில் களையை யார் பார்த்துக்கொண்டார்கள்? நெல். சேறடித்த தண்ணீரும் நெல்லின் நிழலும் மூன்று மாதம் அந்த வேலையைச் செய்து முடித்திருக்கும். ஆளி அந்தச் சுத்தமான நிலத்தில் குடியேறுகிறது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வருத்தமும் வருகிறது. ஜப்பானின் ஷிகோகு தீவில் மசானோபு ஃபுகுவோகா, நிற்கும் நெல்லுக்குள் தீவனப்புல் விதையையும் பார்லியையும் வீசி விதைத்தார். உழவில்லை, ரசாயனமில்லை. 1975-இல் அவர் எழுதிய புத்தகத்தை ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் படித்துப் புல்லரித்திருக்கிறார்கள். என் அலுவலகத்திலேயே வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கப் போன இரண்டு பேரின் மேசையில் அதைப் பார்த்திருக்கிறேன். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதுக்குப் பக்கத்தில், ரசூலியாவிலிருந்த ஒரு கிராமிய மையத்தில் அவர் முறை ‘ரிஷி கேதி’ என்ற பெயரில் சோதிக்கப்பட்டது. 1988-இல் மகசேசே விருதும், விஸ்வபாரதியின் தேசிகோத்தம விருதும் அவருக்குக் கிடைத்தன. எல்லாம் தகுதியானவைதான். ஆனால் அப்போது சத்தீஸ்கரும் மத்தியப் பிரதேசத்துக்குள்தான் இருந்தது. அதே மாநிலத்தின் கிழக்குப் பாதியில், நிற்கும் நெல்லுக்குள் விதை வீசும் ஆயிரக்கணக்கான பேரை ரிஷி என்று யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் செய்வது அரசு ஏடுகளில் ‘குறைந்த விளைச்சல் முறை’.

குறைந்த விளைச்சல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. உத்தேரா ஆளி, பாசனத்தில் உரமிட்டு வளர்த்த ஆளியின் பாதியைக்கூடத் தொடாது. ஆனால் அதோடு ஒப்பிடவேண்டியது பாசன வயலையா? அந்த நிலத்துக்கு இருந்த மாற்று வெறும் தரிசு. 2001-இல் இக்ரிசாட் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்து வெளியிட்ட கணக்கில், நெல்லுக்குப் பிறகு சும்மா கிடக்கும் நிலம் இந்தியாவில் சுமார் 1 கோடியே 16 லட்சம் ஹெக்டேர். பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் எந்த விளைச்சலும் பெரிய விளைச்சல்தான்.

*

இது எங்கோ வடக்கே நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தும் பயறும் தெளிப்பது நெடுநாள் வழக்கம். நெல் தரிசுக்கென்றே ஆடுதுறையிலிருந்து ‘ஆடுதுறை 3’ என்ற உளுந்து ரகம் வந்திருக்கிறது. செடிதான் வேறு, முறை அச்சாக உத்தேராதான்.

மன்னார்குடிப் பக்கம் என் மனைவியின் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. “உளுந்துக்கு எவன் உழுவான் மாப்ள? அத வெவசாயம்னு சொல்லாதீங்க. அது சும்மா தெளிச்சு விடுறது” என்றார். பிறகு அவரே சொன்னார்: “இப்ப அதுவும் முன்ன மாதிரி இல்ல. அறுப்பு மெஷின் எறங்குனா மொளச்சதெல்லாம் சக்கரத்துக்கு அடியில போயிருது. ஆள் வெச்சு அறுத்தப்ப கால் பாத்து வெப்பாங்க. மெஷினுக்கு என்ன தெரியும்? தப்பிச்சத ஆடு மாடு மேஞ்சிருது. ஊரே தெளிச்சா ஊரே மாட்டக் கட்டும். நான் ஒருத்தன் தெளிச்சா யாரு கட்டுவா?”

அந்தக் கடைசி வரியில்தான் முழு வரலாறும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உழவு என்பது ஒருவர் தன் நிலத்தில், தன் செலவில் செய்துகொள்ளக்கூடிய வேலை. உத்தேரா அப்படியல்ல. நெல் அறுத்ததும் ஊர் மாடுகளை வயலில் திறந்து விடுவது வழக்கம். அந்த வழக்கம் மார்ச் வரை தள்ளிப்போனால்தான் ஆளி பிழைக்கும். பக்கத்து வயல்காரரும் விதைத்திருக்க வேண்டும், மாட்டுக்குத் தீவனம் வேறு இருக்க வேண்டும், மேய்ப்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். என் தொழில் மொழியில் சொன்னால், இது ஒரு கணினியில் ஏற்றி ஓட்டும் மென்பொருள் அல்ல, எல்லாக் கணினிகளும் ஒப்புக்கொண்டால் மட்டுமே வேலை செய்யும் நெறிமுறை. பாதிப் பேர் விலகினால் மீதிப் பேருக்கும் ஓடாது. சத்தீஸ்கரில் கால்நடைகளை விதைத்த வயலுக்கு வராமல் தடுக்கும் ஊர் ஏற்பாட்டுக்கு ‘ரோகா-சேகா’ என்று பெயர். 2020-இல் அந்தப் பழைய பெயரிலேயே மாநில அரசு ஓர் இயக்கம் தொடங்கியது. தானாக நடந்த ஒன்றை அரசு நினைவூட்ட வேண்டி வந்திருக்கிறது.

1970-களில் இந்தியாவில் ஆளி ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டேரில் நின்றது. இன்று சில லட்சம். பெயின்ட்டுக்குச் செயற்கைப் பிசின் வந்தது, லினோலியத்தின் இடத்தில் வினைல் விரிந்தது, பாசனம் கிடைத்த இடங்களில் கோதுமையும் கடலையும் வந்தன. இதெல்லாம் சந்தையின் காரணங்கள். ஆனால் பாசனமே வராத, வேறு பயிருக்கு வழியே இல்லாத வயல்களிலும் நீலம் குறைந்திருந்தால் அதற்குச் சந்தையை மட்டும் குறை சொல்ல முடியாது. ராய்ப்பூரின் இந்திரா காந்தி வேளாண் பல்கலைக்கழகம் உத்தேராவுக்கு ஏற்ற ஆளி ரகங்களில் வேலை செய்கிறது. ரகத்தால் நோயைத் தடுக்கலாம், எண்ணெயைக் கூட்டலாம். மாட்டைக் கட்ட முடியாது.

உழாத விவசாயம் இன்று ‘பாதுகாப்பு வேளாண்மை’ என்ற பெயரில் திரும்பி வருகிறது. கருத்தரங்கு, மானியம், தனி விதைப்பு இயந்திரம் எல்லாம் இருக்கிறது. நல்ல விஷயம்தான், மண்ணும் டீசலும் மிச்சமாகும். ஆனால் அதன் பாடங்கள் பெரும்பாலும் கருவியைப் பற்றியவை: எந்த ஏரை விடுவது, எந்த இயந்திரத்தை வாங்குவது, எந்தக் களைக்கொல்லியை அடிப்பது. ஏர் போன இடத்தில் இன்னொரு சரக்கை விற்க முடிகிறவரைக்கும் அதற்குப் பிரச்சாரகர்கள் கிடைப்பார்கள். ஊர் கூடி மாட்டைக் கட்டுவதில் விற்க ஒன்றுமில்லை. அதனால் அதற்குப் பெயரும் இல்லை, புள்ளிவிவரத்தில் தனிப் பத்தியும் இல்லை. செய்தவர்களே அதை விவசாயம் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

சித்தப்பாவின் வயலில் போன தை மாதமும் உளுந்து தெளித்திருந்தார்கள். பக்கத்தில் மூன்று வயல் சும்மா கிடந்தது. மாடு மேய வரும் பக்கமாக ஒரு பழைய கொசுவலையைக் கழி நட்டுக் கட்டியிருந்தார். வள்ளுவர் நீரைவிட மேலாக வைத்த காவல், அந்த வருஷம் அவருக்கு அவ்வளவுதான் கிடைத்தது.